175 பவுணுக்கு மானம் போய்விட்டதாம்

ஞாயிற்றுக்கிழமை கல்யாண வீட்டுப் பந்தியில் நடந்தது உங்களில் பாதிப் பேருக்குத் தெரியும், மீதிப் பேருக்கு இந்நேரம் வாட்ஸ்அப்பில் கை கால் முளைத்துப் போய்ச் சேர்ந்திருக்கும். அதனால் முழுக்கதையும் சொல்லப் போவதில்லை. யார் சொன்னது என்றும் எழுதமாட்டேன். எனக்கு மாமா முறை, வயதில் மூத்தவர், வெள்ளிக்கிழமை திருகோணமலைப் பத்திரகாளி அம்மன் கோயில் வாசலில் முகம் பார்க்க வேண்டிய மனிதர். வசனத்தை மட்டும் எழுதுகிறேன்: "175 பவுணுக்கு வங்கியை மாத்தினவள், கூடக் குடுத்தா நாளைக்கு எதை மாத்துவாளோ."

மேசை முழுக்கச் சிரித்தது. அந்த வங்கியை மாற்றினவள், இங்கிலாந்திலிருந்து லீவில் வந்திருக்கிற என் தங்கச்சி, இரண்டு கதிரை தள்ளித்தான் இருந்தாள். அவளும் சிரித்தாள். அவளுடைய வீட்டு விஷயம் தெரிந்தவர்களுக்கு அந்த வசனம் எங்கே போய்க் குத்தும் என்பதும் தெரியும். சரி, அதை விடுங்கள்.

இரண்டு நாள் பேசாமல் இருந்து பார்த்தேன். இன்றைக்கும் எழுதாவிட்டால் நித்திரை வராது போலிருக்கிறது.

விஷயம் என்னவென்று தெரியாமலே சிரித்தவர்களுக்காக முதலில் ஒன்று. இங்கிலாந்தில் உங்கள் கணக்கை ஒரு வங்கியிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றினால் புது வங்கி காசு தரும். எப்போதும் இல்லை, எல்லா வங்கியும் இல்லை. ஆள் பிடிக்க வேண்டிய நேரத்தில் 100, 150, 175, 200 பவுண் என்று விளம்பரம் போடுவார்கள், ஆள் சேர்ந்ததும் நிறுத்திவிடுவார்கள். இதற்கென்றே 2013 செப்டெம்பரில் அங்கே ஒரு மாற்றுச் சேவை தொடங்கினார்கள். புது வங்கியிடம் ஒருக்கா சொன்னால் போதும், ஏழு வேலை நாளில் சம்பளம், வாடகை, கரண்ட் பில் எல்லாம் புதுக் கணக்குக்கு வந்துவிடும், பழைய கணக்கை அவர்களே மூடுவார்கள். இடையில் அவர்கள் பிழை விட்டுத் தண்டமோ வட்டியோ வந்தால் அது வங்கியின் தலையில். இங்கே சம்பளக் கணக்கை மாற்றப் போய்க் கந்தோருக்கும் வங்கிக்கும் கடிதத்தோடு அலைந்தவர்களுக்கு இது கனவு மாதிரி இருக்கும்.

ஏன் இவ்வளவு சுலபமாக்கினார்கள் தெரியுமா? சனம் ஒரே வங்கியில் ஆயுள் முழுக்க அசையாமல் கிடக்கிறது, அசையாத ஆளை எந்த வங்கி கவனிக்கும் என்று அங்கே வங்கித்துறையை ஆராய்ந்த ஆணைக்குழுவே 2011இல் சொன்னது. மாறுவது சுலபமாக இருக்க வேண்டும் என்று சொன்னதும் அதுதான். அதாவது தங்கச்சி செய்த "கேவலம்", ஒரு நாடு தன் சனத்தைப் பார்த்து "செய்யுங்கள்" என்று சொன்ன வேலை.

அதோடு அந்தக் காசு மரத்திலிருந்து விழுவதில்லை. பெரும்பாலும் குறைந்தது இரண்டு டைரக்ட் டெபிட், அதாவது கணக்கிலிருந்து தானாகக் கழிகிற பில், இருக்க வேண்டும், குறிப்பிட்ட நாளுக்குள் ஆயிரம் ஆயிரத்தைந்நூறு பவுண் உள்ளே வர வேண்டும், முன்பு அதே வங்கியிடம் வாங்கியிருந்தால் கிடையாது. இரவு வேலை முடிந்து வந்து, பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டு, அந்தப் பொடி எழுத்தையெல்லாம் வாசித்து, ஒரு கொப்பியில் திகதி போட்டு எழுதி வைக்கிறவள் அவள். பவுணை 400 ரூபாய் என்று வைத்தாலும் 70,000 ரூபாய். போன வருடம் அம்மாவின் கண்புரைக்கு வந்த காசு அதுதான். பந்தியில் "இன்னாரின்ட பிள்ளைதானே நீ, நல்லா இருக்கிறாய்" என்று பாதிப் பேரை அம்மா அடையாளம் கண்டு கதைத்தாவே, அந்தக் கண்.

வங்கி என்ன உறவா, மாறினால் மானம் போக? திரும்பவும் கேட்கிறேன், வங்கி என்ன உறவா?

எங்கள் அப்பா அப்படித்தான் நினைத்தார். துறைமுகத்தில் வேலை, 27 வருடம் ஒரே வங்கி, ஒரே கிளை. பாஸ் புத்தகத்துக்கு மண்ணிறத் தாளில் உறை போட்டு, மேலே பிள்ளையார் சுழி போட்டு, சாமித் தட்டுக்குப் பக்கத்தில் வைத்திருந்தார். வருடம் பிறந்தால் அந்த வங்கியின் கலண்டர்தான் முன் அறையில் தொங்கும். வேறு கலண்டர் தொங்கினால் அவருக்குப் பிடிக்காது. தங்கச்சியைப் படிக்க அனுப்புவதற்கு இரண்டு லட்சம் கடன் கேட்டுப் போனார். இரண்டு அரசாங்க உத்தியோகத்தர் பிணை நிற்க வேண்டும் என்றார்கள். உவர்மலையிலிருந்து சாம்பல்தீவு வரைக்கும் சைக்கிளில் போய் இரண்டு பேரைப் பிடித்தார். அதில் ஒருவர் கடன் முடியுமுன் ஓய்வு பெறுவார் என்று திருப்பி அனுப்பினார்கள். சட்டம் அப்படித்தான், எனக்கும் விளங்குகிறது. ஆனால் அன்றைக்கே, அதே கட்டிடத்தில், மற்றப் பக்கத்துக் கவுண்டரில், அம்மாவின் இரட்டைப்பட்டுச் சங்கிலியை அடகு வைத்துவிட்டு வந்தார். வீட்டுக்கு வந்து, "தெரிஞ்ச இடம்தானே, மரியாதையா நடத்தினாங்கள்" என்றார். அடுத்த ஜனவரியிலும் அதே கலண்டர்.

"காசுக்காக நம்பிக்கையை விற்பதா" என்று கேட்கிற பெரிய மனிதர்களே, அந்த நம்பிக்கை எந்தப் பக்கத்திலிருந்து எந்தப் பக்கத்துக்குப் போனது என்று சொல்லுங்கள் பார்ப்போம்.

என் கதையையும் சொல்லிவிடுகிறேன், ஒளிக்க ஒன்றுமில்லை. போன வருடம் என்னுடைய பத்து லட்சம் நிலையான வைப்பு முதிர்ந்தது. வழக்கம்போல விட்டால் தானாகப் புதுப்பிக்கப்பட்டிருக்கும், அன்றைக்கு என்ன வட்டியோ அதில். அதே வீதியில் இன்னொரு வங்கி முக்கால் வீதம் கூடத் தருகிறது என்று கேள்விப்பட்டு, எடுக்கப் போகிறேன் என்றேன். உடனே கதிரை வந்தது, தேத்தண்ணி வந்தது, "சேர் எங்கட பழைய கஸ்டமர்தானே, ஸ்பெஷல் ரேட் ஒண்டு போட்டுத் தரலாம்" என்று வந்தது. பத்து வருடமாக அந்த ஸ்பெஷல் ரேட் எந்த லாச்சிக்குள் இருந்தது? முக்கால் வீதம் என்றால் வருடத்துக்கு 7,500 ரூபாய். 2025 ஏப்ரலிலிருந்து வட்டியில் 5 வீதமாக இருந்த வரியை 10 வீதமாக்கிவிட்டார்கள், அதைக் கழித்தாலும் 6,750. போகிறேன் என்று சொன்னவனுக்குத்தான் அது. பேசாமல் இருந்தவன் விசுவாசி, விசுவாசிக்குக் கலண்டர்.

இனி எப்படியும் வரப்போகிற கேள்விகள். சும்மா தருவானா, பிறகு கடனில், கார்ட்டில் பிடிப்பானே என்பீர்கள். பிடிக்கத்தான் பார்ப்பான், அதற்குத்தானே தருகிறான். பிடிபடாமல் இருப்பது நம் கையில். அடிக்கடி மாறினால் கிரெடிட் ஸ்கோர் விழுமே என்று லண்டனிலிருந்து ஒரு தம்பி நேற்றே எழுதிவிட்டார். உண்மைதான், புதுக் கணக்குத் திறக்கும்போது சரிபார்ப்பார்கள், வீட்டுக் கடன் எடுக்கப் போகிறவர் அந்த நேரத்தில் இதைச் செய்யக் கூடாது. அவள் வாடகை வீட்டில் இருக்கிறாள் தம்பி, வீட்டுக் கடன் எடுக்கிற நிலையில் அவளை எங்கள் குடும்பம் என்றைக்கு விட்டது? காசு பாதுகாப்பாக இருக்குமா? அங்கே ஒரு வங்கியில் ஒருவருக்கு 85,000 பவுண் வரைக்கும் உத்தரவாதம் இருந்தது, 2025 டிசெம்பரிலிருந்து 120,000. அவளிடம் அவ்வளவு இருந்தால் 175 பவுணுக்குக் கொப்பி எழுதிக்கொண்டு இருப்பாளா.

இன்னொன்று. 2021 டிசெம்பரை மறந்துவிட்டீர்களா? இங்கே டொலர் 200 ரூபாய் சொச்சத்தில் பிடித்து வைக்கப்பட்டிருந்தது, உண்டியலில், அதாவது வங்கிக்கு வெளியே ஆள் வைத்துக் காசு அனுப்புகிற வழியில், அதைவிடக் கூடக் கொடுத்தார்கள், எல்லோரும் உண்டியலுக்கு ஓடினார்கள். அப்போது அரசாங்கம் என்ன செய்தது? வங்கி வழியாக அனுப்புங்கள், ஏற்கெனவே கொடுக்கிற 2 ரூபாயோடு இன்னும் 8 ரூபாய் சேர்த்து டொலருக்கு 10 ரூபாய் கூடத் தருகிறோம் என்றது. வழியை மாற்றினால் காசு. ஒரு நாடே இதைச் செய்யலாம், அதற்குப் பெயர் ஊக்குவிப்பு. ஒரு பெண் பிள்ளை செய்தால் அதற்குப் பெயர் வேறு. அந்த மாதம் எந்த மாமா எந்த வழியில் காசு எடுத்தார் என்பதும், உண்டியல்காரன் எத்தனை மணிக்கு எந்தச் சந்தியில் வந்து நின்றான் என்பதும் எனக்குத் தெரியும். தேவைப்படாவிட்டால் எழுதமாட்டேன்.

உண்மையில் எனக்குக் கோபம் வங்கியில் இல்லை. பவுண் என்றால் அங்கே றோட்டில் அள்ளுகிறார்கள் என்று நினைத்துக்கொண்டு, அவள் அதை எண்ணுகிறாள் என்று தெரிந்ததும் உங்களுக்குச் சிரிப்பு வந்ததே, அதில்தான். திருவிழா உபயத்துக்குக் கேட்டபோது அனுப்பினாள். மண்டபத்துக்குக் கூரை போடக் கேட்டபோது அனுப்பினாள். ஞாயிற்றுக்கிழமை அவள் வைத்த கவரில் எத்தனை பவுண் இருந்தது என்று எண்ணிப் பார்த்தவர்கள், அது எந்த வங்கியிலிருந்து எடுத்தது என்று கேட்டார்களா? நாலு வருடத்துக்குப் பிறகு மூன்று கிழமை லீவில் வந்தவள். நேற்றுப் பின்னேரம் பிள்ளைகளுக்கு மான் காட்டக் கோட்டைப் பக்கம் கூட்டிக்கொண்டு போவோம் என்றேன். "வேண்டாம் அண்ணா, ஆரும் தெரிஞ்ச ஆக்கள் நிப்பினம்" என்றாள்.

நேற்றுக் காலை அம்மாவைக் கூட்டிக்கொண்டு அப்பாவின் அந்தப் பழைய வங்கிக்குப் போனேன். அம்மாவின் பெயரில் மிச்சமிருந்த கணக்கையும் மூடி, பக்கத்து வங்கிக்கு மாற்ற. ஆம், அங்கே கூடத் தருகிறார்கள், அதற்காகத்தான். பாஸ் புத்தகத்தை எங்களுக்கே தர முடியுமா என்று கேட்டேன். முத்திரை குத்தி, மூலையில் ஓட்டை போட்டுத் திருப்பித் தந்தார்கள். அம்மா அதை வாங்கிச் சீலைத் தலைப்பால் துடைத்துவிட்டுப் பையில் வைத்தா.

மூடுகிற படிவத்தில் "காரணம்" என்று ஒரு கட்டம் இருந்தது. என்ன எழுத என்று கவுண்டரில் இருந்த பிள்ளையிடம் கேட்டேன். "ஏதாவது போடுங்கோ சேர், அதை ஒருத்தரும் வாசிக்கிறதில்லை" என்றது.