எச்பிஏ1சி அன்றைய சர்க்கரையை அளப்பதில்லை

"பரிசோதனைக்கு முன் இரண்டு நாள் இனிப்பைத் தவிர்த்து, வெறும் வயிற்றில் ரத்தம் கொடுத்தால் எச்பிஏ1சி சரியாக வந்துவிடும்" என்று, நீரிழிவை அறியச் செய்யும் இந்த ரத்தப் பரிசோதனையைப் பற்றிச் சொல்லப்படுவது தவறு. வெறும் வயிற்றுச் சர்க்கரைப் பரிசோதனை அந்த நேரத்தில் ரத்தத்தில் உள்ள குளுக்கோஸை அளக்கிறது. எச்பிஏ1சியோ, சிவப்பணுக்களில் உள்ள ஹீமோகுளோபினில் எத்தனை சதவீதத்தில் குளுக்கோஸ் ஒட்டியிருக்கிறது என்பதைக் காட்டுகிறது. ஒட்டிய குளுக்கோஸ் அந்த அணு அழியும் வரை விலகுவதில்லை என்பதாலும், சிவப்பணுவின் ஆயுள் ஏறத்தாழ 120 நாள் என்பதாலும், கிடைக்கும் எண் கடந்த இரண்டு மூன்று மாதங்களின் சராசரியையே சொல்கிறது (கடைசி மாதத்தின் பங்கு அதில் கூடுதல்). இரண்டு நாள் பத்தியம் அதை அசைக்காது. வெறும் வயிறும் தேவையில்லை.

உண்மையில் இந்த எண்ணைத் திரிப்பவை வேறு. இரும்புச்சத்துக் குறைவால் ரத்தசோகை உள்ளவருக்குச் சர்க்கரை கூடாமலேயே அளவு உயர்ந்து தெரியலாம். சிவப்பணுக்கள் விரைவாகச் சிதைபவருக்கோ தாழ்ந்து தெரியலாம். ஆகவே, நீரிழிவுக்கான 6.5 சதவீத வரம்பை ஒட்டி முடிவு வந்தால், ஹீமோகுளோபின் அளவையும் சேர்த்துப் பார்க்காமல் பதறுவதோ நிம்மதி கொள்வதோ சரியென்று எனக்குப் படவில்லை. இப்படி ரத்தசோகையோ சிவப்பணுச் சிதைவோ உள்ளவர்களுக்கு மருத்துவர்கள் ஃப்ரக்டோசமைன் பரிசோதனையைக் கேட்பதுண்டு. அது ரத்தப் புரதங்களில் ஒட்டிய குளுக்கோஸை அளப்பதால், கடந்த இரண்டு மூன்று வாரங்களின் நிலையை மட்டுமே காட்டும்.