இன்ஹேலர் பிள்ளையை அடிமையாக்குமா? சுற்றும் செய்தி தவறு

"இன்ஹேலர் பிள்ளையை அடிமையாக்கும், இளைப்பு நின்றதும் நிறுத்திவிடுங்கள்" என்று மலேசியாவின் சுங்கை சிப்புட் தோட்டக் குடும்பங்களின் வாட்ஸ்அப் குழுக்களில் ஒரு செய்தி சுற்றுகிறது. இது தவறு.

இளைப்பு நோய்க்கு (ஆஸ்துமா) தினமும் எடுக்கும் தடுப்பு இன்ஹேலரில் குறைந்த அளவு ஸ்டீராய்டு இருக்கிறது. அது மூச்சுக்குழாயின் உள்வீக்கத்தைத் தணிக்கும், போதையாகாது. இருமல் இல்லாத நாளிலும் அந்த வீக்கம் இருக்கலாம். பெற்றோர் பிள்ளையின் நன்மைக்கென்று நினைத்து மருந்தை நிறுத்தினால், அடுத்த இளைப்பு கடுமையாகவே வரக்கூடும். எனக்குப் பெரிய கவலை அதுதான். பெரும்பாலும் நீல நிறத்தில் இருக்கும் இன்னொரு இன்ஹேலர் உடனடி நிவாரணத்துக்கு. தடுப்பு மருந்துக்கு அது ஈடாகாது. அப்புறம், சின்னப் பிள்ளைகளுக்கு ஸ்பேசர், அதாவது இன்ஹேலரோடு பொருத்தும் குழாய், வேண்டும்.

அளவைக் குறைப்பதை டாக்டர் முடிவு செய்யட்டும். சந்தேகம் இருந்தால் அரசாங்கக் கிளினிக் மருந்தாளரிடம் கேளுங்கள். சுகாதார அமைச்சின் மைஹெல்த் தளத்திலும் பார்க்கலாம். அந்தச் செய்தியைத் தயவுசெய்து யாருக்கும் அனுப்பாதீர்கள்.