இரண்டு பைகளும் வண்டியில் இருக்கட்டும்

போன செவ்வாய்க்கிழமை மாலை என் மகள் பயிற்சி முடிந்து வந்து, மட்டையைச் சமையலறைக் கதவோரம் சாய்த்து வைத்துவிட்டு, ஒன்றும் பேசாமல் மாடிக்குப் போய்விட்டாள். சாப்பிடவும் இறங்கி வரவில்லை. துருவித் துருவிக் கேட்ட பிறகுதான் சொன்னாள். "இரண்டு ஆட்டத்தையும் கட்டிக்கொண்டு திண்டாடாதே, எது வேண்டும் என்று இந்த மாதத்துக்குள் முடிவு செய்துவிடு" என்று பயிற்சியாளர் சொல்லிவிட்டாராம். அவளுக்கு வயது 13. இந்த வயதில் எதை விடச் சொல்கிறார்கள்? எதற்காக விட வேண்டும்? அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

நாங்கள் அயர்லாந்தின் கார்க் மாவட்டத்தில் குடியிருக்கிறோம். ஹர்லிங், கேலிக் கால்பந்து இரண்டும் இந்த நாட்டின் சொந்த ஆட்டங்கள். ஒரே மைதானம், 'எச்' வடிவத்தில் ஒரே கம்பங்கள், அணிக்கு 15 பேர். ஹர்லிங்கில் ஆஷ் மரத்தில் செதுக்கிய மட்டை, உள்ளங்கைக்குள் அடங்கும் தோல் பந்து. குறுக்குக் கம்பிக்குக் கீழே அடித்தால் கோல், 3 புள்ளி. மேலே அடித்தால் 1 புள்ளி. கால்பந்தில் பெரிய பந்து, அதைக் கையாலும் ஆடலாம். பெண்கள் ஆடும் ஹர்லிங்குக்குக் கமோகி என்று பெயர். என் மகள் ஆடுவது கமோகியும் கால்பந்தும். மாவட்ட அணிக்கு ஆடுகிறவர்களுக்குக்கூடச் சம்பளம் கிடையாது. ஞாயிற்றுக்கிழமை தலைநகர் டப்ளினின் குரோக் பார்க் மைதானத்தில் 80,000 பேர் முன்னால் ஆடியவர் திங்கட்கிழமை வேலைக்குப் போவார்.

இந்த இரண்டிலும் மாவட்ட அணிக்கு ஆடியவர்கள் இங்கே பலர் உண்டு. பின்னாளில் நாட்டின் பிரதமரான ஜாக் லிஞ்ச், 1941 முதல் 1946 வரை தொடர்ந்து ஆறு ஆண்டுகள், மாவட்ட அணிகள் மோதும் அகில அயர்லாந்துப் போட்டியில் பதக்கம் வென்றவர். ஐந்து ஹர்லிங்கில், ஒன்று கால்பந்தில். ஆனால் நான் சொல்ல வந்தது டெடி மெக்கார்த்தியைப் பற்றி.

கிளான்மயர்க்காரர். ஹர்லிங்குக்குச் சார்ஸ்ஃபீல்ட்ஸ், கால்பந்துக்குக் கிளான்மயர் என்று உள்ளூரிலேயே இரண்டு கிளப்புகளுக்கும் ஆடி வளர்ந்தவர். 1986-இல் கார்க் ஹர்லிங் அணிக்காக அவர் ஆடிய முதல் சாம்பியன்ஷிப் ஆட்டமே அகில அயர்லாந்து இறுதி ஆட்டம். அதில் கால்வே மாவட்டத்தை வென்று பதக்கத்தோடு வந்தார். கால்பந்தில் அவ்வளவு சுலபமாக எதுவும் வாய்க்கவில்லை. 1987, 1988 என்று அடுத்தடுத்து இரண்டு இறுதி ஆட்டங்களில் மீத் அணியிடம் கார்க் தோற்றது. 1989-இல்தான் மாயோவை வென்று கோப்பை வந்தது.

பிறகு 1990. செப்டம்பர் 2 அன்று ஹர்லிங் இறுதி, மறுபடியும் கால்வே. இடைவேளையில் கார்க் ஐந்து புள்ளி பின்தங்கியிருந்தது. நடுக்களத்தில் டெடி. பழைய காணொளியில் அந்த இரண்டாம் பாதியை நான் எத்தனை முறை பார்த்திருப்பேன் என்று கணக்கில்லை. அவருடைய பலமே எம்பிப் பிடிப்பதுதான். பந்து உயரத்திலிருந்து இறங்குகிறது, சுற்றிலும் மட்டைகள் சுழல்கின்றன, அதற்குள் வெறுங்கையை நீட்டுகிறார். ஒரு மட்டை விரலில் பட்டாலே எப்படி வீங்கும் என்பது எனக்குத் தெரியும். என் மகளுடைய விரல்களுக்கு ஐஸ் ஒத்தடம் கொடுத்தவன் நான். கால்வே 23 முறை அடித்தது, கார்க் 20 முறைதான். ஆனால் கார்க் அடித்ததில் ஐந்து கோல்கள். மூன்று புள்ளியில் வென்றது.

பதினான்கு நாள் கழித்து, செப்டம்பர் 16 அன்று, அதே மைதானத்தில் கால்பந்து இறுதி. எதிரில் அதே மீத். முதல் பாதியிலேயே கார்க்கின் கோல்ம் ஓநீல் வெளியேற்றப்பட்டார். மிச்ச ஆட்டம் முழுக்க 14 பேர். 11-க்கு 9 என்று வென்றார்கள். ஒரே ஆண்டில் இரண்டு பட்டங்களையும் கார்க் வென்றது 1890-க்குப் பிறகு அதுவே முதல்முறை. இரண்டு இறுதி ஆட்டங்களிலும் களத்தில் நின்று வென்றவர் டெடி ஒருவர்தான். அதற்கு முன்னும் இல்லை, இன்றுவரையும் இல்லை. 2023 ஜூனில், 57 வயதில் அவர் காலமானார்.

"அந்தக் காலம் வேறு" என்பார்கள். உண்மைதான். அன்று தோற்றால் வெளியே, ஆட்டங்களும் குறைவு. இன்று மன்ஸ்டர் மாகாண ஹர்லிங்கில் மட்டுமே ஒவ்வோர் அணிக்கும் நான்கு சுற்று ஆட்டங்கள். 2022 முதல் இரண்டு இறுதி ஆட்டங்களும் ஜூலைக்கு வந்துவிட்டன. கிளேர் மாவட்டத்தின் பாட்ஜ் காலின்ஸ் 2013-இல் ஹர்லிங் பட்டம் வென்றார், 2014-இல் இரண்டும் ஆடினார், 2015-இல் கால்பந்தை மட்டும் தேர்ந்துகொண்டார். அவ்வளவு திறமை உள்ளவருக்கே அந்த நிலை என்றால் கோளாறு ஆளிடம் இல்லை, அட்டவணையில்தான் இருக்கிறது. அட்டவணை வானத்திலிருந்து விழுவதில்லை. நாற்காலியில் உட்கார்ந்து மனிதர்கள் போடுவதுதானே? அவர்களுக்கு மனமிருந்தால் மாற்றிப் போடலாம்.

பெண்கள் பாடு இன்னும் கொடுமை. கமோகிக்கு ஒரு சங்கம், பெண்கள் கால்பந்துக்கு வேறொரு சங்கம், தனித்தனி நாள்காட்டி. ஒரே வார இறுதியில் இரண்டு பெரிய ஆட்டங்கள் வந்து, இரண்டும் ஆடும் பெண்கள் நடுவில் மாட்டிக்கொண்டு தவித்ததை இங்கே கண்ணாரப் பார்த்திருக்கிறோம். இந்த இரண்டு சங்கங்களையும் ஆண்கள் ஆட்டங்களை நடத்தும் கேலிக் தடகளச் சங்கத்தோடு 2027-க்குள் இணைக்கப் போவதாகச் சொல்லியிருக்கிறார்கள். நடக்கட்டும், வேகமாக நடக்கட்டும்.

இத்தனை இடைஞ்சலுக்கு நடுவில்தான் கார்க்கின் ரீனா பக்லி 18 அகில அயர்லாந்துப் பதக்கங்கள் வென்றார். கால்பந்தில் 11, கமோகியில் 7. 2012-இல் கால்பந்துக் கோப்பையையும் 2017-இல் கமோகிக் கோப்பையையும் தலைவியாக நின்று வாங்கினார். ரீனாவிடம் 13 வயதில் யாராவது "ஒன்றை விடு" என்று சொல்லி, அவரும் கேட்டிருந்தால்? எந்த ஏழு பதக்கங்களை, எந்தப் பதினொரு பதக்கங்களை இந்த மாவட்டம் இழந்திருக்கும்?

குழந்தையின் உடம்பு தாங்காது என்று அக்கறையோடு சொல்பவர்களும் இருக்கிறார்கள். அந்தக் கவலை எனக்கும் உண்டு, அவர்களோடு சண்டையில்லை. ஆனால் அதற்கு வழி இரண்டு பயிற்சியாளர்களும் பேசிக்கொண்டு பயிற்சி நாட்களைக் குறைப்பதுதான். பிள்ளையிடமிருந்து ஓர் ஆட்டத்தைப் பிடுங்குவது அல்ல.

வரும் சனிக்கிழமை அவளுக்கு இரண்டு ஆட்டங்கள். இரண்டும் காலை 11 மணிக்கு, இரண்டு வேறு ஊர்களில். ஏதாவது ஒன்றை இரண்டு மணி நேரம் தள்ளி வைக்க முடியுமா என்று இரண்டு பயிற்சியாளர்களுக்கும் எழுதிக் கேட்டிருக்கிறேன். ஒருவர், பார்க்கிறேன் என்று பதில் போட்டிருக்கிறார். மற்றவரிடமிருந்து இன்னும் பதில் வரவில்லை. நாளை மாலை நேரில் போய்க் கேட்கப் போகிறேன்.