மூன்றாம் இடம் யார் கொடுத்தது?

போன மாதம் எங்கள் ஊர் டென்னிஸ் கிளப்பில் சுவருக்கு வெள்ளையடித்து, நம் நாட்டு ஆட்டக்காரர்கள் நாலைந்து பேருக்கு ஆளுக்கு ஒரு பலகை எழுதி மாட்டினார்கள். நல்ல காரியம். முதல் பலகை ராமநாதன் கிருஷ்ணனுக்கு. அதில் ஒரு வரி: "ஏடிபி உலகத் தரவரிசை 3 (1959)".

அந்த வரியைத் தாண்டி என்னால் அடுத்த பலகைக்குப் போக முடியவில்லை. ஏடிபி என்ற ஆண் டென்னிஸ் ஆட்டக்காரர்களின் சங்கம் தொடங்கியதே 1972-ல். அதன் கம்ப்யூட்டர் ரேங்கிங் முதன்முதலில் வந்தது 1973 ஆகஸ்ட் 23-ல். முதல் இடம் ருமேனியாவின் இலியே நஸ்டாசேவுக்கு. 1959-ல் ஏடிபி எங்கிருந்து வந்தது?

பலகை வேலையைப் பார்த்துக்கொண்ட தம்பியிடம் சொன்னேன். "அண்ணே, நம்பர் மூணுதானே? அது சரிதானே?" என்றார். நம்பர் சரிதான். பழைய அமெச்சூர் (பணத்துக்கு ஆடாதவர்கள்) ரேங்கிங்குகளைச் சரிபார்க்கிற வேலையில் என்னை அதிகம் அலைய விடுவது இந்த வகைத் தப்புதான். எண் சரியாக இருப்பதால் யாருக்கும் சந்தேகமே வராது.

அந்தக் காலத்தில் தரவரிசை என்பது ஒரு ஆள் உட்கார்ந்து எழுதுவது. இப்போது இருப்பதுபோல் வாராவாரம் புள்ளி கூட்டுவது, கழிப்பது எதுவும் கிடையாது. டென்னிஸ் எழுதும் பத்திரிகையாளர் ஒருவர் வருடம் முழுக்க ஆட்டங்களைக் கவனித்து, யார் யாரை எங்கே ஜெயித்தார் என்று பார்த்து, பத்துப் பேரை வரிசையாக வைப்பார். லண்டன் டெய்லி டெலிகிராஃபில் வாலிஸ் மையர்ஸ் அப்படிப் பல வருடம் எழுதினார். அப்புறம் ஜான் ஆலிஃப், அவருக்குப் பின் லான்ஸ் டிங்கே. அமெரிக்காவில் எட்வர்ட் பாட்டர் தனியாக ஒரு பட்டியல் போட்டார். இன்னும் சிலரும் போட்டார்கள்.

கிருஷ்ணனுக்கு 1959-ல் மூன்றாம் இடம் கொடுத்தவர் பாட்டர். அதே 1959-க்கு டிங்கே போட்ட பட்டியலை எடுத்துப் பாருங்கள். மூன்றாம் இடத்தில் இத்தாலியின் நிக்கோலா பியட்ராஞ்சலி இருக்கிறார். ஒரே வருடம், ஒரே இடம், இரண்டு பேர். இரண்டும் சரி!

இதை முதலில் பார்த்தபோது ஏதோ ஒன்று அச்சுப்பிழை என்றுதான் நினைத்தேன். ஒரு வாரம் தேடிய பிறகுதான் புரிந்தது. பட்டியலைப் போட்டவர் பெயரை ஒருவர் விட்டுவிடுகிறார். அடுத்தவர் வந்து இரண்டு மூன்றாம் இடங்களைப் பார்க்கிறார், ஒன்று பிழையாகத்தான் இருக்க வேண்டும் என்று முடிவு கட்டி ஒரு பெயரை அடித்துவிடுகிறார். முதல் ஆள் செய்தது கவனக்குறைவு, அதைப் பொறுத்துக்கொள்ளலாம். சரிபார்க்கிறேன் என்று சொல்லி உண்மையை அழிப்பதை என்னால் பொறுக்க முடியவில்லை.

பட்டியல்கள் ஏன் மாறுகின்றன? கிருஷ்ணனின் 1959-ஐயே எடுத்துக்கொள்வோம். லண்டன் குயின்ஸ் கிளப் இறுதிப்போட்டியில் நீல் ஃப்ரேசரை ஜெயித்தார். நாடுகள் அணியாக மோதும் டேவிஸ் கோப்பையில் ராட் லேவரை ஜெயித்தார். ஆனால் விம்பிள்டனில் மூன்றாம் சுற்றிலேயே அலெக்ஸ் ஒல்மேடோவிடம் தோற்று வெளியே வந்துவிட்டார். அந்த வருடம் விம்பிள்டன் பட்டத்தை வாங்கியவரே ஒல்மேடோதான். இப்போது நீங்களே வரிசைப்படுத்துங்கள். விம்பிள்டனுக்கு அதிக எடை கொடுத்தால் கிருஷ்ணன் கீழே இறங்குவார். பெரிய ஆட்டக்காரர்களை வீழ்த்தியதைப் பார்த்தால் மேலே ஏறுவார். இரண்டுக்கும் நியாயம் உண்டு. அதனால்தான் பட்டியலோடு அதைப் போட்டவர் பெயரும் கூடவே வர வேண்டும் என்கிறேன்.

அடுத்து 'அமெச்சூர்' என்ற சொல். பலகையில் அது இல்லவே இல்லை. 1968-ல் இரு தரப்பும் சேர்ந்து ஆடும் ஓப்பன் டென்னிஸ் வரும்வரை பணத்துக்கு ஆடுகிறவர்களுக்கு விம்பிள்டனிலும் இடமில்லை, டேவிஸ் கோப்பையிலும் இடமில்லை, இந்தப் பட்டியல்களிலும் இடமில்லை. 1959-ல் பாஞ்சோ கொன்சாலஸ், லூ ஹோட், கென் ரோஸ்வால் எல்லாம் புரொஃபஷனல்கள். அவர்களை விட்டுவிட்டுப் போட்ட வரிசையை 'உலகின் மூன்றாவது சிறந்த வீரர்' என்று எழுதினால் அது மிகைப்படுத்தல்.

இப்படிச் சொன்னால் சிலருக்குக் கோபம் வருகிறது. "நம்ம ஆளை நீயே குறைத்துப் பேசலாமா?" என்று கேட்கிறார்கள். நான் குறைக்கவில்லை. புரொஃபஷனல் ஆட்டங்களை நடத்திய ஜாக் கிரேமர் மூன்று வருடத்துக்கு ஒன்றரை லட்சம் டாலர் தருகிறேன், புரொஃபஷனலாக வா என்று கூப்பிட்டபோது போகாமல் இருந்தவர் கிருஷ்ணன். அமெச்சூராகவே இருந்து 1960, 1961 இரண்டு வருடமும் விம்பிள்டன் அரையிறுதி ஆடினார். 1961 காலிறுதியில் ராய் எமர்சனை நேர் செட்டில் வீட்டுக்கு அனுப்பினார். 1966-ல் இந்திய அணியை டேவிஸ் கோப்பை இறுதிவரை கொண்டுபோனார். அமெச்சூர் என்ற சொல்லை அழித்தால் அவர் வேண்டாம் என்று சொன்ன அந்தப் பெரிய தொகையும் கதையிலிருந்து காணாமல் போய்விடும். எனக்கு அதுதான் வலிக்கிறது.

1962 விம்பிள்டனில் அவர் நான்காம் சீட். அதை 'உலகின் நான்காம் இடம்' என்று எழுதியதையும் பார்த்திருக்கிறேன். சீட் என்பது அந்த ஒரு போட்டிக்கு அதை நடத்துகிறவர்கள் கொடுக்கும் வரிசை, அவ்வளவுதான்.

பெயர் விஷயம் இதைவிடச் சிக்கல், இதில் நம்மவர்கள்தான் உதவ முடியும். வெளிநாட்டுப் பதிவுகளில் 'ஆர். கிருஷ்ணன்' என்று இருக்கும். அவர் மகனும் டென்னிஸ் ஆட்டக்காரர்தான். அப்படியானால் இது அப்பாவா, மகனா? அப்பாவின் பெயர் கிருஷ்ணன். ராமநாதன் என்பது அவருடைய தகப்பனார், அவருக்கு ஆட்டம் சொல்லிக்கொடுத்த டி.கே. ராமநாதனின் பெயர். மகனின் பெயர் ரமேஷ். கிருஷ்ணன் என்பது அவருடைய அப்பா பெயர். இரண்டு பேரும் 'ஆர். கிருஷ்ணன்' ஆகிவிடுகிறார்கள்! போதாக்குறைக்கு இருவருமே விம்பிள்டன் ஜூனியர் பட்டம் வென்றவர்கள், அப்பா 1954-ல், மகன் 1979-ல். வருடத்தைப் பார்க்காமல் எடுத்துப் போட்டால் அப்பாவின் கணக்கு மகனுக்குப் போய்விடும். இனிஷியல் நம் வீட்டு வழக்கம் என்பதால் நமக்கு இது உடனே பிடிபடும். குடும்பப் பெயர் வழக்கத்தில் வளர்ந்தவருக்குப் பிடிபடாது, அவரைக் குற்றம் சொல்லவும் முடியாது.

அதேபோல அப்பா 3, மகன் 23 என்று பக்கத்தில் பக்கத்தில் போட்டு ஒப்பிடுவதையும் தயவுசெய்து விடுங்கள். ரமேஷின் 23, 1985-ல் கம்ப்யூட்டர் கணக்குப் போட்டுக் கொடுத்தது, உலகத்தில் ஆடுகிற எல்லாரையும் சேர்த்து. இரண்டும் ஒரே தராசில் நிறுத்தியதல்ல.

நான் ஒரு நீளமான நோட்டில் ஐந்து கட்டம் போட்டு எழுதிவருகிறேன்: வருடம், இடம், பட்டியல் போட்டவர், எங்கே அச்சானது, நான் எதில் பார்த்தேன். கடைசிக் கட்டம்தான் முக்கியம். மூலத்தை நானே பார்த்திருந்தால் நீல மை, வேறொருவர் எடுத்தாண்டதைப் பார்த்திருந்தால் பென்சில். நேற்று எண்ணிப் பார்த்தேன், பென்சில்தான் அதிகம்.

கிளப் பலகையில் இப்போது "1959 அமெச்சூர் உலகத் தரவரிசை 3 (எட்வர்ட் பாட்டர் பட்டியல்)" என்று இருக்கிறது. "இடம் பத்தாதுண்ணே" என்று இழுத்த தம்பிதான் கடைசியில் எழுத்தைக் கொஞ்சம் சின்னதாக்கி, அடைப்புக்குறியோடு எழுதவைத்தார். அவருக்கு என் நன்றி.

ஒரு வேண்டுகோள். மெட்ராஸிலிருந்து வந்துகொண்டிருந்த 'ஸ்போர்ட் அண்ட் பாஸ்டைம்' பழைய இதழ்கள், 1959 முதல் 1962 வரை, யார் வீட்டுப் பரணிலாவது இருந்தால் எடைக்குப் போடுவதற்கு முன் ஒரு வார்த்தை சொல்லுங்கள். டென்னிஸ் பக்கங்களை மட்டும் போட்டோ எடுத்து அனுப்பினாலும் போதும். தேதியும் பக்க எண்ணும் தெரியும்படி எடுங்கள்.