நான் இஸ்மீன் கட்சி

எங்கள் ஆச்சிக்கும் அவளுடைய கொழுந்தனாருக்கும் வரப்புத் தகராறு. இருபது வருஷம் பேச்சுவார்த்தை கிடையாது. கல்யாணம், காதுகுத்து, புதுமனை எதற்கும் இந்த வீடு அந்த வீட்டுப் பக்கம் போகாது. அவர் இறந்துபோன செய்தி வந்தபோது ஆச்சி தோசை ஊற்றிக்கொண்டிருந்தாள். கல்லை இறக்கி வைத்தாள், சேலையை மாற்றினாள், செருப்பைக் கூடப் போடாமல் கிளம்பிவிட்டாள். "எதுக்கு ஆச்சி?" என்று வாசலில் மறித்துக் கேட்டேன். "நல்லதுக்குப் போகாட்டாலும் கெட்டதுக்குப் போகணும்ட்டி" என்றாள். அந்தச் சட்டம் யார் போட்டது, எங்கே எழுதியிருக்கிறது என்று கேட்டிருந்தால் அவளுக்குக் கேள்வியே புரிந்திருக்காது.

பிறகு கல்லூரியில் பழைய கிரேக்க நாடகாசிரியர் சோபக்ளிஸின் 'ஆன்டிகனி' நாடகம் பாடமாக வந்தது. அரசன் முன்னால் நின்று அந்தப் பெண், "உன் ஆணையைவிடத் தெய்வங்களின் எழுதப்படாத சட்டம் பெரியது, அது இன்றைக்கோ நேற்றைக்கோ வந்ததில்லை" என்கிற பொருளில் பேசும் இடத்தில் வகுப்பு முழுக்க நோட்ஸ் எழுதிக்கொண்டிருந்தது. எனக்குத் துஷ்டி வீட்டுக்கு வேகவேகமாக நடந்து போன ஆச்சியின் முதுகு கண்ணில் வந்தது.

போன மாதம் கமிலா ஷம்சியின் 'ஹோம் ஃபயர்' நாவலை இரண்டாவது முறை படித்தேன். 2017இல் வந்தது, அடுத்த வருஷம் பெண்களுக்கான புனைவுப் பரிசு வாங்கியது. ஆன்டிகனி கதையை இன்றைய லண்டனுக்குக் கொண்டுவந்து எழுதியது. படித்து முடித்ததும் நாடகத்தையும் எடுத்துத் திரும்பப் படித்தேன். அதன் விளைவுதான் இந்த நீண்ட பதிவு. இரண்டின் முடிவையும் சொல்லப்போகிறேன். நாவலை இனிமேல்தான் படிக்க வேண்டும் என்பவர்கள் இத்தோடு நிறுத்திக்கொள்ளலாம். நாடகத்தின் முடிவு ஏறக்குறைய 2,460 வருஷமாக எல்லாருக்கும் தெரியும், அதற்கு நான் பொறுப்பில்லை.

முதலில் நாடகம். தீப்ஸ் நகரத்து ஈடிபஸுக்கு நான்கு பிள்ளைகள். மகன்கள் இருவருக்கும் ஆட்சிச் சண்டை. பாலினைசிஸ் வெளிநாட்டுப் படையைக் கூட்டிக்கொண்டு சொந்த ஊரையே கொளுத்த வருகிறான். எட்டியோக்ளிஸ் ஊரைக் காக்க நிற்கிறான். இருவரும் ஒருவர் கையால் ஒருவர் சாகிறார்கள். அடுத்து அரியணையில் உட்காரும் கிரியோன், ஊரைக் காத்தவனுக்கு முழு மரியாதை, துரோகியின் உடல் நாய்க்கும் பறவைக்கும் என்று அறிவிக்கிறான். தங்கை ஆன்டிகனி மீறி மண் தூவுகிறாள். பிடிபட்டு, உயிரோடு குகையில் அடைக்கப்படுகிறாள்.

இந்தக் கிரியோன் யார் தெரியுமா? செத்துக் கிடப்பவனுக்குத் தாய்மாமன். ஆன்டிகனியைக் கட்டிக்கொள்ளப் போகிற ஹெய்மன், கிரியோனின் மகன். அதாவது முறை மாப்பிள்ளை. தாய்மாமன் மருமகனுடைய பிணத்தைத் தெருவில் போடுகிறான் என்றால் எங்கள் ஊரில் யாருக்கும் உரை தேவைப்படாது.

இனி நாவல். அந்த நான்கு பிள்ளைகள் இங்கே மூன்று பேர். மூத்தவள் இஸ்மா. அவளுக்குக் கீழே இரட்டையர், அனீகா, பர்வேஸ். பத்தொன்பது வயது. லண்டன் வெம்பிளிப் பக்கம் வீடு. அப்பா ஜிஹாதியாகப் போய், அமெரிக்காவின் குவாண்டனாமோ சிறைக்குக் கொண்டுபோகும் வழியில் இறந்தவர். அம்மாவும் பாட்டியும் போன பிறகு இஸ்மாதான் படிப்பை நிறுத்தி இரண்டு பேரையும் வளர்த்தவள். பர்வேஸ் அப்பாவின் வழியில் சிரியாவுக்குப் போய் ஐ.எஸ். அமைப்பில் சேர்ந்துவிடுகிறான். கிரியோனின் இடத்தில் பிரிட்டிஷ் உள்துறை அமைச்சர் கராமத் லோன். முஸ்லிம் குடும்பத்திலிருந்து வந்தவர், அதனாலேயே எல்லாரையும்விடக் கறாரானவர். ஹெய்மனின் இடத்தில் அவர் மகன் ஈமன்.

அப்பன் செய்ததைப் பிள்ளை சுமப்பது இரண்டிலும் இருக்கிறது. தெரியாமலே அப்பாவைக் கொன்று அம்மாவை மணந்த ஈடிபஸின் பாவம் பிள்ளைகள் தலையில் விடிகிறது. இங்கே அப்பாவின் பெயர் விமான நிலைய விசாரணை அறை வரைக்கும் கூடவே வருகிறது. நாவல் தொடங்குவதே அங்கேதான். அமெரிக்காவுக்குப் படிக்கப் போகிற இஸ்மா, கேள்வி வரக்கூடாது என்று குர்ஆனையும் குடும்பப் படங்களையும் பெட்டியில் வைக்காமல் வந்திருக்கிறாள். மகாராணி பற்றி, ஜனநாயகம் பற்றி, தொலைக்காட்சியில் வரும் கேக் போட்டி பற்றி என்ன கேட்டால் என்ன சொல்வது என்று தங்கையோடு ஒத்திகை பார்த்திருக்கிறாள். அப்படியும் விமானத்தைத் தவறவிடுகிறாள். சாபம் என்ற சொல்லை ஷம்சி எங்கும் பயன்படுத்த வேண்டிய தேவையே வரவில்லை. குடியேற்ற அதிகாரியின் மேஜை போதுமானதாக இருக்கிறது.

இதுவரைக்கும் எல்லாரும் சொல்வதுதான். எனக்கு இரண்டு விஷயம் உறுத்துகிறது. ஒன்று புகார், இன்னொன்று நன்றி.

புகார் பர்வேஸைப் பற்றி. நாடகத்தில் பாலினைசிஸ் ஒரு வசனம்கூடப் பேசுவதில்லை. பிணமாகத்தான் அறிமுகமாகிறான். அவன் நல்லவன், பாவம், ஏமாந்துபோனவன் என்று ஆன்டிகனி ஒரு இடத்திலும் வாதாடவில்லை. ஊரைக் கொளுத்த வந்தவன் என்று கிரியோன் சொல்கிறபோது அவள் அதை மறுப்பதே இல்லை. செத்தவர்களின் தெய்வம் எல்லாருக்கும் ஒரே சடங்கைத்தான் கேட்கிறது என்கிறாள். அவனை மன்னிக்கச் சொல்லி யாரிடமும் அவள் கேட்கவில்லை, மண் போட வேண்டும் என்பதுதான் அவள் பேச்சு. கொழுந்தனார் நல்லவரா என்று எங்கள் ஆச்சியும் யோசிக்கவில்லை. வரப்பு விஷயத்தில் அவர் செய்தது அநியாயம் என்று துஷ்டி வீட்டிலிருந்து வந்த பிறகும் சொன்னாள்.

நாவலில் பர்வேஸுக்கு ஒரு பகுதி முழுக்கவே இருக்கிறது. ஒலிகளைப் பதிவு செய்வதில் கிறுக்கு உள்ள பையன். அப்பாவைப் பார்க்காமல் வளர்ந்த ஏக்கத்தை ஒருவன் தூண்டிலாக்கி இழுத்துப் போகிறான். போன இடத்திலும் துப்பாக்கி தூக்காமல் ஊடகப் பிரிவில் ஒலி வேலை. சீக்கிரமே தப்பிக்க நினைக்கிறான். இஸ்தான்புல்லில் பிரிட்டிஷ் துணைத் தூதரக வாசலில் வீடு திரும்ப முயலும்போது சுட்டுக் கொல்லப்படுகிறான். அந்தப் பக்கங்கள் அருமையாக எழுதப்பட்டவை, மறுக்கவில்லை. ஆனால் படித்து முடிக்கும்போது, இந்தப் பையனைப் புதைக்க இடம் கொடுத்தால் என்ன என்று யாருக்கும் தோன்றும். தோன்ற வைத்துவிட்டார். நிஜமாகவே கழுத்தறுத்தவனாக, கடைசி வரை வருந்தாதவனாக அவன் இருந்து, அவன் உடலுக்காகவும் அனீகா இதே போலப் போராடியிருந்தால்? சோபக்ளிஸ் கேட்டது அந்தக் கேள்வியைத்தான். நாவல் அதைக் கொஞ்சம் சுலபமாக்கிவிட்டது.

அதே நேரம் அரசாங்கத்தின் பக்கத்தை ஷம்சி கஷ்டமாக்கியிருக்கிறார். அது என் கண்ணில் முதல் வாசிப்பில் படவே இல்லை. துரோகிகளை நாட்டு எல்லைக்குள் புதைக்கக்கூடாது என்பது சோபக்ளிஸின் ஊரான ஏதென்ஸிலேயே இருந்த வழக்கம். எல்லைக்கு வெளியே கொண்டுபோய் என்னவோ செய்துகொள் என்பதுதான் அதன் பொருள். கிரியோன் அதையும் தாண்டி, எங்குமே கூடாது, அழுகட்டும் என்றான். அங்கேதான் தப்பு. கராமத் லோன் செய்வது கிரியோனின் வேலை இல்லை, ஏதென்ஸின் வேலை. குடியுரிமையைப் பிடுங்கி, உடலைப் பெற்றோரின் பூர்வீகமான பாகிஸ்தானுக்கு அனுப்பச் சொல்கிறார். அங்கே தாராளமாகப் புதைத்துக்கொள்ளுங்கள், இங்கே வேண்டாம். கேட்பதற்கு எவ்வளவு நியாயமாக இருக்கிறது!

அதனால் அனீகா தலைகீழாகச் செய்ய வேண்டியிருக்கிறது. ஆன்டிகனி புதைத்தாள். அனீகா புதைக்க மறுக்கிறாள். கராச்சிக்குப் போய், பிரிட்டிஷ் துணைத் தூதரகத்துக்கு எதிரே ஒரு பூங்காவில், பனிக்கட்டிகளுக்கு நடுவே பர்வேஸின் உடலை வைத்துக்கொண்டு உட்காருகிறாள். அவன் எந்த ஊர்க்காரனோ அந்த ஊருக்குக் கொண்டுபோக வேண்டும், அவ்வளவுதான் அவள் கேட்பது. பிணத்துக்கு மண் வேண்டும் என்பது எந்த மண் என்பதாக மாறிவிட்டது. புலம்பெயர்ந்த வீடுகளில் சாவு விழும்போது முதலில் எழுகிற கேள்வியும் இதுதானே.

கற்பனை என்று ஒதுக்கவும் முடியவில்லை. நாவல் வந்து ஒரு வருஷம் ஆகும் முன்னே, 2018 ஏப்ரலில், பாகிஸ்தானியப் பூர்வீகம் கொண்ட சாஜித் ஜாவித் பிரிட்டிஷ் உள்துறை அமைச்சரானார். 2019 பிப்ரவரியில், பதினைந்து வயதில் சிரியாவுக்குப் போன ஷமீமா பேகத்தின் குடியுரிமையை அவர் பறித்தார். நமக்குப் பக்கத்திலேயே, இலங்கையில், 2020இல் கோவிட் தொற்றால் இறந்தவர்களைக் கட்டாயம் எரிக்க வேண்டும் என்று அரசு உத்தரவு போட்டது. புதைப்பதே மார்க்கம் என்று இருக்கும் முஸ்லிம்கள் கதறினார்கள். பிறந்து இருபது நாளான குழந்தையையும் எரித்தார்கள். கொழும்பின் பொரளை மயான வேலியில் மக்கள் வெள்ளைத் துணிகளைக் கட்டிவிட்டுப் போனதைப் படத்தில் பார்த்தபோது எனக்கு ஆன்டிகனி தூவிய ஒரு கை மண்தான் ஞாபகம் வந்தது. 2021 பிப்ரவரியில்தான் புதைக்க அனுமதி கிடைத்தது, அதுவும் ஓட்டமாவடியில், சொந்த ஊரிலிருந்து எவ்வளவோ தூரத்தில். அங்கேயும் "எந்த மண்" என்பதை அரசாங்கம்தான் முடிவு செய்தது.

சரி, நன்றிக்கு வருகிறேன். அது இஸ்மீனுக்காக.

நாடகத்தில் இஸ்மீன் என்று ஒரு சகோதரி உண்டு. தொடக்கக் காட்சியிலேயே, "நாம் பெண்கள், அதிகாரத்தோடு மோத முடியாது, செத்தவர்கள் நம்மை மன்னிக்கட்டும்" என்று ஒதுங்கிக்கொள்கிறாள். ஆன்டிகனி பிடிபட்டதும் ஓடிவந்து, நானும் கூட்டுதான், என்னையும் கொல்லுங்கள் என்கிறாள். வாயால் அன்பு காட்டுகிறவள் எனக்கு வேண்டாம் என்று ஆன்டிகனி முகத்தில் அடித்தாற்போலச் சொல்லிவிடுகிறாள். அதற்கப்புறம் இஸ்மீன் காணாமல் போகிறாள். அவளைக் கொல்லவில்லை என்று கிரியோன் ஒரு வரி சொல்வதோடு சரி, அப்புறம் அவளைப் பற்றி ஒருவரும் பேசுவதில்லை. இதைவிடக் கொடுமை, குகைக்குப் போகும்போது ஆன்டிகனி தன்னை அரச குலத்தில் மிஞ்சிய கடைசிப் பெண் என்கிறாள். அடி பாவி, உன் கூடப் பிறந்தவள் ஒருத்தி உள்ளே உட்கார்ந்து அழுதுகொண்டிருக்கிறாளே!

வகுப்பில் எல்லாரும் ஆன்டிகனி கட்சி. இஸ்மீன் கோழை என்று ஒரு வரியில் முடித்துவிட்டார்கள். நான் வீட்டுக்கு மூத்தவள். அம்மா போன பிறகு தங்கைக்குச் சடை போட்டு, பள்ளிக்கூடத்துக்கு அனுப்பி, ரேஷன் கடை வரிசையில் நின்று வளர்ந்தவள். மோதினால் என்ன ஆகும் என்று கணக்குப் போட்டுப் பார்ப்பது கோழைத்தனம் என்று யாராவது சொன்னால் எனக்கு இன்றைக்கும் கோபம் வரும். ஒருத்தி வீரமாகச் சாகப் போகும்போது மறுநாள் அடுப்பைப் பற்றவைக்க ஒருத்தி இருந்தாக வேண்டும்.

ஷம்சி இந்த இஸ்மீனை அக்காவாக்கினார். நாவலின் முதல் பகுதியையே அவளுக்குக் கொடுத்தார். அதோடு விட்டிருந்தால் எனக்குச் சந்தோஷம் மட்டும்தான் மிஞ்சியிருக்கும். ஆனால் அவளை ஒரு காரியம் செய்ய வைத்தார். பர்வேஸ் எங்கே போனான் என்று இஸ்மாவே போலீஸுக்குச் சொல்கிறாள். எப்படியும் அவர்களுக்குத் தெரியத்தான் போகிறது, நாம் மறைத்தால் மிச்சமிருக்கும் தங்கையின் வாழ்க்கையும் போய்விடும் என்பது அவள் கணக்கு. கணக்கு சரிதான். அனீகாவால் அதை மன்னிக்க முடியவில்லை என்பதும் சரிதான். நாடகத்து இஸ்மீன் ஒன்றும் செய்யாததற்காகத் தள்ளப்பட்டாள். நாவலின் இஸ்மா செய்ததற்காகத் தள்ளப்படுகிறாள். தம்பியின் பாத்திரத்தில் நாவல் கொடுத்த சலுகையை அக்காவின் பாத்திரத்தில் வட்டியோடு வசூலித்துவிட்டது என்று நினைக்கிறேன்.

முடிவு எனக்குப் பிடிக்கவில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். கராச்சி பூங்காவுக்கு ஈமன் வருகிறான். இரண்டு பேர் அவன் உடம்பில் வெடிகுண்டுப் பட்டையைக் கட்டிவிட்டு ஓடுகிறார்கள். அனீகா ஓடிப்போய் அவனைக் கட்டிக்கொள்கிறாள். அத்தோடு கதை முடிகிறது. சினிமாவுக்கு நல்ல காட்சி. நாடகத்தில் கிரியோன் மனம் மாறிய பிறகு என்ன செய்கிறான் பாருங்கள். முதலில் பெண்ணை விடுவி, பிறகு பிணத்தை அடக்கம் செய் என்று ஊர்ப் பெரியவர்கள் சொல்கிறார்கள். அவன் முதலில் பிணத்துக்குச் சடங்கு செய்து, மேடு எழுப்பிவிட்டு, அப்புறம்தான் குகைக்குப் போகிறான். அதற்குள் அவள் தூக்கில் தொங்குகிறாள். மகன் கண்ணெதிரே வாளில் விழுந்து சாகிறான். மனைவியும் போகிறாள். கிரியோன் மட்டும் உயிரோடு, மேடையில், எல்லார் கண்ணுக்கும் முன்னால். சாவுக்கு உரிய மரியாதையை ஒருநாள் தாமதமாகக் கொடுத்தவனை சோபக்ளிஸ் அப்படியே நிறுத்தி வைத்துவிட்டார். கராமத் லோனை நாவல் அப்படி நிறுத்தி வைக்கவில்லை. வெடிச் சத்தத்துக்கு அப்புறம் அவர் முகத்தைப் பார்க்க எனக்கு ஆசையாக இருந்தது. இஸ்மாவின் முகத்தையும்தான். அவள்தானே மறுபடியும் மிச்சம்.

நாவலைத் தங்கையிடம் படிக்கக் கொடுத்திருந்தேன். பெங்களூரிலிருந்து இரண்டு நாள் முன்னால் ராத்திரி பதினொரு மணிக்குக் கூப்பிட்டாள். "முடிச்சுட்டேன்க்கா" என்றாள். எப்படி இருந்தது என்று கேட்டேன். கொஞ்ச நேரம் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு, "நீயா இருந்தாலும் போலீஸ்ல சொல்லியிருப்பேல்லா?" என்றாள்.

உனக்காகத்தான்டி சொல்லியிருப்பேன் என்று வாய் வரை வந்தது. "சாப்பிட்டியா?" என்று கேட்டுவிட்டேன்.