பிரிக்பீல்ட்ஸைப் பின்பக்கத்திலிருந்து நடங்கள்

கோலாலம்பூரின் பிரிக்பீல்ட்ஸ் வட்டாரத்தை நடந்து பார்க்க வருபவர்கள் பெரும்பாலும் செய்யும் தவறு ஒன்றுதான். கே.எல். சென்ட்ரலில் இறங்கி, பதினொரு மணிக்குச் சேலைக் கடைகளில் தொடங்குகிறார்கள். வாழை இலையில் சாப்பிட்டு முடித்துக் கோயில் பக்கம் போனால் நடை சாத்தியிருக்கிறது. வெயிலும் உச்சியில். "லிட்டில் இந்தியா பார்த்தாச்சு" என்று திரும்பிவிடுகிறார்கள்.

பிரிக்பீல்ட்ஸுக்கு லிட்டில் இந்தியா என்ற பெயர் 2010 அக்டோபரில் அதிகாரபூர்வமாகச் சூட்டப்பட்டது. வட்டாரத்தின் வயதோ நூற்றிருபதைத் தாண்டும். அந்தப் பழைய பகுதி கடைத்தெருவின் பின்னால், ஜாலான் ஸ்காட்டிலும் ஜாலான் பெர்ஹாலாவிலும் இருக்கிறது ('ஜாலான்' என்றால் மலாயில் சாலை). அதனால் நடைப் பயணத்தைத் தலைகீழாக மாற்றுங்கள்.

காலை எட்டு மணிக்குள் கே.எல். சென்ட்ரல் வந்துவிடுங்கள். நு சென்ட்ரல் பேரங்காடி வழியாக மோனோரயிலுக்குப் போய், ஒரே நிறுத்தம் தள்ளி துன் சம்பந்தன் நிலையத்தில் இறங்குங்கள். அங்கிருந்து மீண்டும் கே.எல். சென்ட்ரலை நோக்கி நடப்பதுதான் பாதை. வளைந்து வளைந்து போனாலும் இரண்டு கிலோமீட்டர் அளவுதான். நின்று பார்த்தால் மூன்று மணி நேரம் ஆகும். குடை, தண்ணீர், கழற்றிய காலணியைப் போட்டு வைக்க ஒரு துணிப்பை. முழங்கால் மறைக்கும் உடை கட்டாயம். அரைக்கால் சட்டையோடு வந்து வாசலிலேயே நின்றுவிடுபவர்கள் உண்டு.

முதலில் ஜாலான் ஸ்காட்டில் ஸ்ரீ கந்தசுவாமி கோயில். 1902இல் தொடங்கிய இந்தக் கோயிலை யாழ்ப்பாணத் தமிழர்கள் நல்லூர்க் கந்தனை மனதில் வைத்து எழுப்பினார்கள். காலைப் பூசை நேரத்தில் போனால்தான் இதன் ஒழுங்கு புரியும். படம் எடுக்குமுன் கோயில் அலுவலகத்தில் கேட்டுவிடுங்கள். யாழ்ப்பாணத்தார் ஏன் இங்கே வந்தார்கள் என்ற கேள்விக்கான விடையில்தான் வட்டாரத்தின் கதையே இருக்கிறது. 1881இல் கோலாலம்பூரைத் தீயும் வெள்ளமும் அழித்தன. அடுத்த ஆண்டு ரெசிடெண்டாக, அதாவது பிரிட்டிஷ் ஆட்சியின் பிரதிநிதியாக, வந்த ஃபிராங்க் சுவெட்டன்ஹம், மரமும் அத்தாப்பு ஓலைக் கூரையும் வேண்டாம், செங்கல்லும் ஓடும் வேண்டும் என்றார். களிமண் நிறைந்த இந்த இடத்தில் செங்கல் சூளைகள் எழுந்தன, பெயரும் அப்படித்தான் வந்தது. 1886இல் கிள்ளான் பக்கமாக ரயில் ஓடத் தொடங்கியதும், சூளைக்குப் பக்கத்தில் ரயில்வே வேலையும் குடியிருப்பும் வளர்ந்தன. குமாஸ்தாவாகவும் ஸ்டேஷன் மாஸ்டராகவும் யாழ்ப்பாணத்தார், தண்டவாள வேலைக்குத் தமிழகத்தார், அவர்களோடு சிங்களவர். ஆளுக்கொரு வழிபாட்டிடம் கட்டிக்கொண்டார்கள். இங்குள்ள கோயில்களைப் பழைய ரயில்வே சம்பளப் பட்டியலாகவே படிக்கலாம்.

அடுத்து ஜாலான் பெர்ஹாலா. 'பெர்ஹாலா' என்றால் மலாயில் சிலை. பெயருக்கேற்ற தெரு. சிங்கள பௌத்தர்களின் மகா விகாரை இங்கேதான், 1894இலிருந்து. விசாக தினத்தில் இந்தத் தெருவில் கால் வைக்க இடமிருக்காது, அன்று நடைப் பயணத்தைத் தள்ளிப்போடுங்கள். மற்ற நாள்களில் இது அமைதியான இடம், உட்கார்ந்து இளைப்பாறலாம். அதே தெருவில் கிருஷ்ணன் கோயிலும், 1981இல் தொடங்கிய டெம்பிள் ஆஃப் ஃபைன் ஆர்ட்ஸ் கலைக்கூடமும் இருக்கின்றன. தெருவில் நடைபாதை எல்லா இடத்திலும் ஒழுங்காக இல்லை. பிள்ளைகளைக் கையில் பிடித்துக்கொள்ளுங்கள்.

ஜாலான் சுல்தான் அப்துல் சமாட் பக்கம் திரும்பினால் சியோன் லூத்தரன் தேவாலயம், 1924. சிறியதுதான், ஆனால் தமிழர்கள் தவறவிடக் கூடாதது. 1706இல் ஜெர்மானிய மதபோதகர் சீகன்பால்க் தரங்கம்பாடியில் இறங்கியதில் தொடங்கிய தமிழ் லூத்தரன் மரபு, பிழைப்புத் தேடிக் கப்பலேறியவர்களோடு இங்கும் வந்து சேர்ந்தது. தேவாலயங்கள் ஆராதனை நேரத்தில் மட்டும் திறந்திருப்பது வழக்கம். உள்ளே பார்க்க விரும்பினால் ஞாயிற்றுக்கிழமை வாருங்கள். ஆராதனை நடக்கும்போது நடுவில் படம் எடுத்துக்கொண்டு திரிய வேண்டாம்.

ஜாலான் தம்பிப்பிள்ளையில் 1916ஆம் ஆண்டின் சாம் காவ் தோங் சீனக் கோயில். பௌத்தம், தாவோயிசம், கன்ஃபூசியம் மூன்றுக்கும் ஒரே கூரை. ஊதுபத்திப் புகை ஒத்துக்கொள்ளாதவர்கள் வாசலிலிருந்தே பார்க்கலாம்.

இந்தத் தெருக்களில் தரையைப் பார்த்து நடங்கள். மஞ்சள் நிறக் கோடு ஓடும். நீள்வரி என்றால் நேரே போகலாம், புள்ளிகள் என்றால் நில், திருப்பமோ சாலையோ வருகிறது என்று பொருள். 1951இல் உருவான மலேசியப் பார்வையற்றோர் சங்கம் பிரிக்பீல்ட்ஸில்தான் இருக்கிறது. பார்வையற்றவர்கள் நடத்தும் மசாஜ் நிலையங்களும் இங்கே உண்டு. அந்தக் கோட்டின் மேல் மோட்டார் சைக்கிளை நிறுத்துவதையும் கடைச் சாமானை அடுக்குவதையும் எந்தச் சாக்கு சொன்னாலும் ஏற்க முடியாது. பார்வையற்ற ஒருவர் அந்த இடத்தில் வண்டி ஓடும் சாலைக்கு இறங்கித்தான் சுற்றிப் போக வேண்டியிருக்கிறது. கூட்டமாக வருபவர்களும் கோட்டின் மேல் நின்று வழிகேட்டுக் கொண்டிருக்காதீர்கள்.

கடைசியாக ஜாலான் துன் சம்பந்தன். முன்பு இது பிரிக்பீல்ட்ஸ் ரோடு. 1904இல் தொடங்கிய விவேகானந்தா ஆசிரமத்தின் முன் ஐந்து நிமிடமாவது நில்லுங்கள். 2014இல் இந்த நிலத்தில் அடுக்குமாடி எழுப்பும் திட்டம் வெளிவந்தபோது மக்கள் எதிர்த்தார்கள். கட்டடம் இன்றும் இருக்கிறது. முழு முகப்பும் தெரிய வேண்டுமானால் எதிர்ப்பக்கத்து அஞ்சடியிலிருந்து (கடைகளின் முன்னுள்ள கூரையிட்ட நடைபாதை) பாருங்கள், பச்சை விளக்கு விழும்வரை காத்திருந்து சாலையைக் கடந்து போங்கள்.

இப்போது மணி பதினொன்றைத் தாண்டியிருக்கும். கடைகள் திறந்திருக்கும், பூக்கட்டுபவர்கள் மும்முரமாக இருப்பார்கள், இலைச் சாப்பாடும் தயாராகிக் கொண்டிருக்கும். இந்திய அரசு அன்பளிப்பாகத் தந்து 2015இல் திறக்கப்பட்ட, சாஞ்சி வாயிலை ஒத்த தோரண வாயில் கே.எல். சென்ட்ரலுக்குப் பக்கத்திலேயே இருப்பதால், அதை வீடு திரும்பும்போது பார்த்துக்கொள்ளலாம். காலில் இன்னும் தெம்பிருந்தால், அதே சாலையின் வடக்கு முனையில் ஹோலி ரோசரி தேவாலயம் இருக்கிறது. பிற்பகல் மழை பிடிக்குமுன் போய்விடுங்கள், அக்டோபர், நவம்பரில் குறிப்பாக.