"சொந்தக் கதையா?" என்று கேட்பதை நிறுத்துவோம்

பந்தலூர்ப் பக்கத்துத் தங்கச்சி ஒருத்தியின் முதல் நாவலைப் பற்றி நம் குன்னூர், கோத்தகிரி நண்பர்கள் எழுதித் தள்ளுகிறார்கள். சந்தோஷம்தான். ஆனால் முக்கால்வாசிப் பேர் ஒரே பல்லவி: "கண்ணீர் வரவழைத்த உண்மைக் கதை", "வலியை அப்படியே கொட்டியிருக்கிறார்". கொட்டுவதற்கு அது என்ன குடத்துத் தண்ணீரா? உட்கார்ந்து யோசித்து, அடித்துத் திருத்தி எழுதிய நாவல் ஐயா.

(பெயரை வேண்டுமென்றேதான் போடவில்லை. டேக் செய்தால் இந்தப் பதிவும் வாழ்த்து மடலாகிவிடும்.)

படிக்காதவர்களுக்கு: 1964-ல் போட்ட சிறிமாவோ - சாஸ்திரி ஒப்பந்தப்படி இலங்கையிலிருந்து இந்திய வம்சாவளியினர் ஐந்தேகால் லட்சம் பேரை ஏற்க இந்தியா சம்மதித்தது. அப்படி வந்தவர்களுக்கு வேலை கொடுக்க 1968-ல் இங்கே நீலகிரியில் அரசுத் தேயிலைத் தோட்டம் தொடங்கினார்கள், இன்றைய டேன்டீ (தமிழ்நாடு தேயிலைத் தோட்டக் கழகம்). அங்கே ஒரு லைன் வீட்டில், அதாவது தொழிலாளர்களுக்கு வரிசையாகக் கட்டிய வீடுகளில் ஒன்றில், வளரும் பெண்தான் நாயகி. எழுதியவளும் அப்படி வளர்ந்தவள். அவ்வளவுதான், சொந்தக் கதை என்று முடிவு கட்டிவிட்டார்கள்.

ராஜம் கிருஷ்ணன் முசிறியில் பிறந்தவர். நீலகிரிப் படகர் மக்களின் வாழ்க்கையை வைத்து அவர் எழுதிய 'குறிஞ்சித்தேன்' 1963-ல் வந்தது. அவரிடம் போய் "இது உங்க சொந்தக் கதையா?" என்று யார் கேட்டிருப்பார்கள்? வெளியிலிருந்து வந்தவர் எழுதினால் உழைப்பு, லைன் வீட்டுப் பெண் எழுதினால் வெறும் அனுபவம். என்ன கணக்கோ.

எடை போடும் காட்சியைப் பாருங்கள். மழை நாள். கொழுந்துச் சாக்கு தராசில் தொங்குகிறது. சாக்குக்கு இவ்வளவு, ஈரத்துக்கு இவ்வளவு என்று கழிப்பார்கள். வேறு யாராவது எழுதியிருந்தால் நாயகி அங்கே ஒரு வசனம் பேசியிருப்பாள். இவள் பேசவிடவில்லை. கணக்குப்பிள்ளையின் பேனா எழுத மறுக்கிறது. அவர் உள்ளங்கையில் கிறுக்கிப் பார்க்கிறார். வரிசையில் நிற்கிற அத்தனை பேரும் அந்தக் கையையே பார்க்கிறார்கள். அப்புறம் அவர் எத்தனை கிலோ என்று எழுதினார்? கடைசிவரை நமக்குச் சொல்லவே இல்லை. எதைச் சொல்லாமல் விடுவது என்ற அந்தச் சாமர்த்தியம் தோட்டத்தில் பிறந்ததால் மட்டும் வந்துவிடாது.

சரி, எங்கள் ஊர்க்காரர்கள் மட்டும் யோக்கியமா? கொளப்பள்ளியில் நடந்த கூட்டத்தில் பாதி நேரம் "அந்தக் கணக்குப்பிள்ளை யாரு?" என்ற துப்பறியும் வேலையிலேயே போனது. நடுவில் ஒரு பாட்டி எழுந்து, "ஏம்புள்ள, கவ்வாத்து வெட்டின மலையில அடுத்த வாரமே கொழுந்து கிள்ள வச்சிருக்கியே, அது எந்த ஊர்ல?" என்று பிடித்தார். நியாயம்தானே, வெட்டிய செடி மறுபடி கொழுந்துக்கு வர மாதக்கணக்கில் ஆகும். நாவலாசிரியை சிரித்துக்கொண்டே குறித்துக்கொண்டாள்.

என் பங்குக்கும் ஒரு குறை. கண்டியிலிருந்து நாயகியின் பெரியப்பா எழுதும் கடிதங்கள் இழுவை. தம்பி மகளுக்கு எழுதுகிற மனுஷன் ஒப்பந்தத்தின் ஷரத்துகளையா விளக்கிக்கொண்டிருப்பார்? குடியுரிமை வாங்க அலைந்த கதையை அவர் வாயில் திணித்தது போல இருக்கிறது. அவளிடமே சொன்னேன். "அண்ணே, அந்த அத்தியாயத்தைப் பத்தி நீங்கதான் முதல்ல பேசுறீங்க" என்றாள். அதோடு விடவில்லை, அரைமணி நேரம் என்னோடு சண்டை போட்டாள். நான் ஒத்துக்கொள்ளவில்லை.

வீட்டிலும் எனக்கு ஆதரவில்லை. என் மனைவிக்கு மொத்த நாவலில் பிடித்ததே அந்தக் கடிதங்கள்தானாம். படித்தவர்கள் வந்து சொல்லுங்கள்.